பக்கத்து இலை

பகவதி தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்துவிட்டுப் போன பிறகுதான் பக்கத்து நாற்காலியில் இருப்பது யாரென்று சண்முகவடிவு திரும்பிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் எழுந்துவிட வேண்டும்போல இருந்தது. எழ முடியாது. இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க வந்தவர்கள் அவள் நாற்காலி முதுகில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள், எதிர்வரிசையில் அவளுடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தகப்பன்மார் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்தால் பார்ப்பார்கள், ஏன் எழுந்தாள் என்று கேட்பார்கள், கேட்காவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும். “ரெண்டு டீச்சரும் பக்கத்துல பக்கத்துல இருந்து சாப்பிடணும், எம்பிள்ளைக்கு ரெண்டு பேரும்லா பாடம் சொல்லிக் குடுத்திருக்கீங்க” என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டுப் பட்டுச்சேலை சரசரக்கப் போய்விட்டாள் பகவதி. பெண்ணைப் பெற்றவள், மகள் கல்யாண நாள், அவளிடம் என்ன சொல்வது. தெரிந்து செய்தாளா தெரியாமல் செய்தாளா. செங்கல் சூளையில் கல் அறுத்துப் பிழைக்கிறவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. இல்லை, தெரியும், நன்றாகத் தெரியும், ஊருக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா. நாலுவழிச்சாலைக்குக் கிழக்கே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை சண்முகவடிவு, சாலைக்கு மேற்கே காலனிப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை எமிலி, இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசிப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது, நாளைக்குத் திங்கட்கிழமை வட்டாரக் கல்வி அதிகாரி வந்து இரண்டு பள்ளிக்கூடத்தையும் ஒன்றாக்கக் கூட்டம் போடப்போகிறார், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு விழும், ஒருத்திக்கு நாற்காலி போகும். எல்லாம் தெரிந்துதான் உட்காரவைத்திருக்கிறாள். அவள் மகள் கால் போனதற்கு இன்றைக்கு இப்படிப் பழிதீர்க்கிறாள்போல.

“வாங்க டீச்சர்” என்றாள் எமிலி. “ம்” என்றாள் சண்முகவடிவு, உப்பைப் பார்த்துக்கொண்டு. தொப்பி போட்ட பையன்கள் வாளியோடு வந்தார்கள், பச்சடி, கூட்டு, அவியல், ஒவ்வொன்றும் இலையில் விழும்போது கொஞ்சம் அந்தப் பக்கம் தெறித்தது, அந்தப் பக்கத்து இலையிலிருந்து கொஞ்சம் இந்தப் பக்கம் தெறித்தது, நாற்காலிகளை இவ்வளவு நெருக்கியா போடுவார்கள், மண்டபத்துக்காரனுக்கு ஒரு பந்தியில் எத்தனை பேரைத் திணிக்கலாம் என்பதுதான் கணக்கு. எமிலிக்கு அந்தப் பக்கம் ஊரைச் சேர்ந்த ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் இருப்பது எமிலி என்று கண்டதும் “எங்க அக்கா வாரேன்னா, அவளோட இருந்துக்கிடுதேன்” என்று எழுந்து போய்விட்டாள், அந்த இடத்தில் இலை மட்டும் கிடக்கிறது, மின்விசிறிக் காற்றில் நுனி தூக்கித் தூக்கி அடிக்கிறது. அவள் மேல் சண்முகவடிவுக்கு ஒரு கணம் பொறாமையாக இருந்தது, எவ்வளவு சுலபமாக எழுந்துவிட்டாள். உடனே, சே, நான் அதற்காக எழ நினைக்கவில்லை, நான் நினைத்தது வேறு, எனக்கும் இவளுக்கும் உள்ளது வேறு. எனக்கு அந்த மாதிரி எண்ணமெல்லாம் கிடையாது. பேச்சு நிற்பதற்கு முன்னால், ஆசிரியர் பயிற்சி வகுப்பில் ஒருநாள் மத்தியானம் எமிலி டப்பாவைத் திறந்து நீட்டினாளே, எலுமிச்சம்பழச் சோறு, மேலே வறுத்த வேர்க்கடலை, “எடுத்துக்கோங்க டீச்சர்” என்று. இன்னைக்கு விரதம் என்று சொன்னேன். விரதம்தான். சஷ்டி. சஷ்டியா? சஷ்டி என்றால் மத்தியானம் நானும் மற்ற டீச்சர்மாரும் அந்த மரத்தடியில் உட்கார்ந்து எதைச் சாப்பிட்டோம். மோர் குடித்தேன். மோர் மட்டும்தான் குடித்தேன், அது நிச்சயம். இல்லை, ராஜாத்தி டீச்சர் கொண்டுவந்த இட்லி. விரதத்துக்கு இட்லி சாப்பிடலாம். பலகாரம் சாப்பிடலாம், சோறுதான் கூடாது. எமிலி நீட்டியது சோறு, அதனால்தான் வேண்டாமென்றேன். அவ்வளவுதான். இதை எதற்கு இப்போது நினைக்கிறேன். அப்பளம் நொறுங்கியது, எமிலி நொறுக்குகிறாள், பக்கத்து இலையில், எந்தக் கூச்சமும் இல்லாமல், ஊரே பார்க்க, தன் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்போல.

சோறு வந்தது, பருப்பு வந்தது, நெய் வந்தது. வாயில் வைத்தால் ஒன்றும் தெரியவில்லை, மெல்லுகிறோம் என்பது மட்டும் தெரிந்தது. எமிலி நாளைக்கு என்ன பேசுவாள் என்று சாப்பிட்டுக்கொண்டே நினைத்தாள். காலனியில் பிள்ளைகள் அதிகம், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குறைவு, ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரு பாயில் உட்காரவைத்துவிடலாம், ஊரில் வசதி வந்த வீடெல்லாம் டவுனுக்கு வேனில் அனுப்புகிறது, மிச்சம் கிடப்பதுதான் இவளுக்கு. எண்ணிக்கை பார்த்தால் எமிலிதான் ஜெயிப்பாள். சண்முகவடிவை உபரி ஆசிரியர் என்று சொல்லி மலையடிவாரத்தில் ஏதாவது ஊருக்குத் தூக்கிப் போடுவார்கள், இரண்டு பஸ் மாறி, அங்கேயிருந்து நடந்து, ஓய்வு பெறுகிற வயசில். வீட்டில் அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் “இருக்கிறது கொஞ்ச வருசம், எங்க போட்டாலும் சம்பளம்தான” என்பார். சம்பளமா, சம்பளத்துக்கா இத்தனை வருஷம். அதனால்தான் அவள் ஊருக்குள் பெற்றவர்களைப் பார்க்க வீடு வீடாகப் போனாள். ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ரோடு என்றுதான் சொன்னாள். பிள்ளைகள் ரோட்டைத் தாண்டிப் போகணும், யோசித்துக்கிடுங்க, நாலுவழிச்சாலை, லாரியெல்லாம் எப்படி வருது பார்த்தீங்கள்லா, நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா. அதுதான் அவள் சொன்னது. மற்றதை அவர்கள் சொன்னார்கள். “காலனிக்குள்ள போயி நம்ம பிள்ளைக படிக்கணுமாக்கும்” என்று குத்தாலம்தான் முதலில் சொன்னான், சிமெண்டுக் கடைக் குத்தாலம், இரண்டு பையன்களும் அவளிடம்தான் படிக்கிறார்கள், இதோ நேர் எதிரே உட்கார்ந்து உளுந்தவடையைப் பிட்டுக்கொண்டிருக்கிறானே அவன். அவன் சொன்னபோது அவள் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள், காப்பி சூடாக இருந்தது, வாயில் சூடான காப்பியை வைத்துக்கொண்டு யாராவது பதில் சொல்ல முடியுமா. எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள், எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். ஆனால் அவள் சொன்னது ரோடு.

ரோடு பொய்யா. மேடையில் மாலையும் கழுத்துமாக நிற்கிறாளே உலகம்மாள், உலகு, பகவதியின் மகள், அவள் நடப்பதைப் பார்த்தால் ரோடு பொய்யா மெய்யா என்று தெரியும். காலையில் மணமேடையைச் சுற்றி வரும்போது மாப்பிள்ளை இரண்டு அடி வைத்துவிட்டு நின்று நின்று அவளுக்காகக் காத்திருந்தான், நல்ல பையன். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இவளிடம் படித்த பிள்ளை. அகலச் சிலேட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவரும், நிற்கச் சொன்னால் நிற்காது. இரண்டாம் வகுப்பு முடிந்த அந்த மே மாதம் எமிலி பகவதி வீட்டு வாசலில் நின்றதை இவள் கண்ணாலேயே பார்த்தாள், கையில் நீலப் பை, புதுசு, முயல் படம் போட்டது, சேர்கிற பிள்ளைக்கெல்லாம் பை. ஆனி மாசம் சாரலும் காற்றுமாக இருந்த ஒரு காலையில் அந்த முயல் பையை மாட்டிக்கொண்டு உலகு ரோட்டைத் தாண்டினாள். புளியமரங்களை வெட்டி, பழைய ரோட்டை அகலமாக்கி, திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, பெரியவர்களுக்கே எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று பிடிபடாத சமயம். பால் வண்டி. சத்தம் இவள் வகுப்பறை வரைக்கும் கேட்டது, இவள் கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தாள், ஏதோ டயர் வெடித்தது என்று நினைத்து மாதத்தையும் எழுதி முடித்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அத்தனை பேர் முன்னாலும் எமிலியைப் பார்த்துக் கத்தினாள், “பையைக் குடுத்துப் பிள்ளையப் புடிச்சீங்களே, இப்பம் காலைக் குடுப்பீங்களா, அந்த ரோட்டுக்கு என்ன பதில் சொல்லுதீங்க” என்று. எமிலி பதில் சொல்லவில்லை. எமிலியின் சேலை முன்பக்கம் முழுக்க ரத்தமாக இருந்தது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவள்தான். இவள் பஸ் பிடித்து வந்தாள், வரும்போது ஆரஞ்சு வாங்கினாள், பழப்பையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கத்தினாள். அந்தப் பையை யாரிடம் கொடுத்தோம்? ஞாபகமில்லை. கத்தியது ஞாபகமிருக்கிறது, அப்போது மனசுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதும் ஞாபகமிருக்கிறது, சுருக்கென்று, பல்லில் எலும்பு மாட்டியதுபோல, இந்த நினைப்பு வந்தாலே இப்படித்தான், ஆனால் நான் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லை.

“சாம்பார் ஊத்தட்டா டீச்சர்?” தலையை ஆட்டினாள். எதற்கென்று தெரியாமலேயே எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், இலையில் குளமாக நின்றது. அந்த விபத்துக்குப் பிறகு எமிலி தினமும் ரோட்டில் நிற்க ஆரம்பித்தாள். நடுத்திட்டு உடைந்து வழிவிடுகிற இடத்தில், காலையிலும் சாயங்காலமும், ஒரு கையில் கறுப்புக் குடை, இன்னொரு கை வண்டிகளைப் பார்த்து உயர்ந்து நிற்கும், பிள்ளைகள் சேலையைப் பிடித்துக்கொண்டு கோழிக்குஞ்சுபோலத் தாண்டும். கிழக்கே நாலைந்து கூலிக்கார வீட்டுப் பிள்ளைகள் இன்னும் அவளிடம்தான் போகின்றன. சண்முகவடிவின் பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தால் குடை தெரியும். நாடகம் என்று நினைத்தாள். அன்றைக்கும் நினைத்தாள், பிறகும் நினைத்தாள், மழையில் நின்றபோதும் வெயிலில் நின்றபோதும் நாடகம் நாடகம் என்றுதான் நினைத்தாள். இத்தனை வருஷமா ஒருத்தி நாடகம் போடுவாள் என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை. யோசித்தால் அந்த இடத்தில் வேறு என்னவெல்லாமோ வந்து உட்காரும். “டீச்சர்” என்றாள் எமிலி. ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, முகத்தைத் திருப்பாமல், எதிரே இருக்கிற சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். “நாளைக்குக் கூட்டத்துல நீங்க ஒண்ணும் சண்டை போட வேண்டாம். நான் வெள்ளிக்கிழமையே ஆபீசுல போய்ச் சொல்லிட்டேன். எங்க பள்ளிக்கூடத்தை மூடிக்கிடட்டும். உங்களது இருக்கட்டும்.” சண்முகவடிவின் கை சோற்றில் நின்றது. “எனக்கு முட்டி ரெண்டும் போயிருச்சு. பத்து நிமிசம் சேந்தாப்புல நிக்க முடியல. மகன் இருக்க ஊரு பக்கமா மாறுதல் கேட்டிருக்கேன். எம்பிள்ளைக பூரா உங்ககிட்ட வரும்.” ஜெயித்தோம் என்று ஒரு குரல் உள்ளே குதித்தது, அது குதித்து முடிப்பதற்குள் இவள் வாய் கேட்டுவிட்டது, “ரோடு?” எமிலி இப்போதுதான் திரும்பினாள். பக்கத்தில் பார்த்தால் வயசாகிவிட்டது அவளுக்கும், கண்ணுக்குக் கீழே தோல் தொங்குகிறது, ஆனால் பார்வையில் தளர்ச்சி இல்லை, பதினைந்து வருஷமாகச் சேர்த்து வைத்ததை எடுத்து வைக்கிற பார்வை. “ஆமா. ரோடு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில கேட்டீங்கள்லா, ரோட்டுக்கு என்ன பதிலுன்னு. இத்தன வருசம் நின்னேன், அதான் என் பதிலு. இனிமே நீங்க நில்லுங்க.”

இது விட்டுக்கொடுப்பது இல்லை. இது அடி. நிதானமாக, இலையில் சோறு இருக்கும்போது, கல்யாண வீட்டில் வைத்து அடிக்கிறாள். சண்முகவடிவுக்குக் காது சூடேறியது. நான் எதற்கு நிற்கவேண்டும், எந்தச் சட்டத்தில் இருக்கிறது தலைமையாசிரியை ரோட்டில் நிற்கவேண்டும் என்று, போலீஸ் நிற்கட்டும், பெற்றவர்கள் கொண்டுவந்து விடட்டும். பெற்றவர்கள் விடியுமுன்னே காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள், அது இவளுக்கே தெரியும். நிற்காவிட்டால் என்ன ஆகும். நிற்காவிட்டால் ஒருநாள் தேதி எழுதிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்கும். மறுபடியும் டயர் வெடித்தது என்று நினைக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் வருவது இவள் வாசலுக்கு, அந்தக் காலையில் அவர்கள் தாண்டுவது இவளிடம் வருவதற்கு, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ரத்தச் சேலையோடு இவள் நிற்பாள், பழப்பையோடு வேறு எவளாவது வந்து கத்துவாள். சரி, நிற்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். குடை பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிள்ளைகள் சேலையைப் பிடிக்கும். சின்னது கையைப் பிடிக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கை எப்போதும் ஈரமாக இருக்கும், மூக்கைத் துடைத்த கை, மண்ணில் அளைந்த கை, அந்தக் கை வந்து இந்தக் கைக்குள்ளே நுழையும். அந்த இடத்தில் நினைப்பு சட்டென்று நின்றது. எல்லாப் பிள்ளைக் கையும் அப்படித்தான், குத்தாலத்தின் சின்னவனுக்கு எத்தனை தடவை மூக்குச் சிந்திவிட்டிருக்கிறேன், அருவருப்பாக இருந்ததில்லை, பிறகு எதற்கு இப்போது புறங்கை கூசுகிறது. லாரியை நினைத்தபோது வயிறு கூசியது, அது சரி, அது பயம். கையை நினைத்தபோது கூசியது என்ன. அதுவும் ரோட்டுப் பயமா. வீடு வீடாகப் போய்ச் சொன்னது எது, வயிற்றில் கூசியதா, புறங்கையில் கூசியதா. இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, பிரித்தெடுக்க முடியவில்லை, சாம்பாரும் ரசமும் ஒரே இலையில் கலந்து ஓடுகிற மாதிரி ஓடுகிறது. சஷ்டியில்லை அன்றைக்கு. சஷ்டியே இல்லை. வியாழக்கிழமை, ஒரு விரதமும் இல்லாத நாள்.

“என்ன டீச்சர், அவுக சொல்லுதது நெசமா?” குத்தாலம் எதிர்வரிசையிலிருந்து மேஜைமேல் சாய்ந்து கேட்டான். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான், ஆனால் அந்த வரிசை முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தது. “அங்கன உள்ளதுக பூரா இங்கன வருதாமா?” எமிலி மோரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள், அவள் அங்கே இல்லாததுபோலவே அவன் பேசினான். “பாத்தீங்களா, நாம ஒண்ணு கேட்டா கவர்மெண்டுக்காரன் ஒண்ணு குடுக்கான். நம்ம பிள்ளைகளை அங்க அனுப்ப மாட்டோம்னுதான சொன்னோம். அதுகள இங்க வரச் சொல்லலையே.” அவள் சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். “நாளைக்கு அதிகாரிகிட்ட நீங்களே முடியாதுன்னு சொல்லிருங்க டீச்சர். நாங்க சொன்னா கேசு கீசுன்னு ஆயிரும், ஸ்டேசனுக்கு அலைய முடியாது. நீங்க ரோட்டைச் சொல்லுங்க.” ரோட்டைச் சொல்லுங்க. சண்முகவடிவு நிமிர்ந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், பகை இல்லாத சிரிப்பு, தன் வீட்டு மனுஷியிடம் சிரிக்கிற சிரிப்பு. “இத்தன நாளும் எங்ககிட்ட வந்து சொன்னீங்கள்லா, அதையே அப்படியே சொல்லுங்க. பிள்ளைக உசுரு, ரோடு, லாரின்னு. அது நல்ல வார்த்த டீச்சர். கேக்கவனுக்கும் கெட்டதாத் தெரியாது, நமக்கும் காரியம் ஆயிரும். நாங்க அன்னைக்கே பேசிக்கிட்டோம், டீச்சரு எம்புட்டு நயமா சொல்லுதாகன்னு.”

நயமாக. மனசுக்குள் அந்தச் சொல் போய் இறங்கவே கொஞ்ச நேரமானது. அப்படியென்றால் அந்த வாசல்களில் இவள் ரோடு என்று சொன்னபோது ஒருத்தர்கூட ரோட்டைக் கேட்கவில்லை. காப்பி கொடுத்த ஒவ்வொரு கையும் இவள் சொல்லாத சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தது. சொல்லாததையா. சொன்னதையா. வாயில் காப்பி இருந்தபோது உள்ளே என்ன இருந்தது. உலகுவின் கால், அந்தச் சத்தம், அந்தத் தேதி, அதையெல்லாம் இவன் ஒரு நல்ல வார்த்தையாக்கி இவள் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறான், நாளைக்கு எடுத்துச் சொல்லு என்கிறான், சிரிக்கிறான். உளுந்தவடைத் துணுக்கு அவன் மீசையில் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க உள்ளே ஏதோ கிளம்பியது, இரக்கமில்லை, நியாயமில்லை, காலனிப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றுமே இல்லை அதில், எமிலியைப் பற்றி நிச்சயமாக ஒன்றுமில்லை. இந்த ஆள் என்னைத் தெரிந்துகொண்டுவிட்டான் என்கிற ஆத்திரம், அவ்வளவுதான், அதுவும் சரியாகத் தெரிந்துகொண்டுவிட்டான் என்கிற ஆத்திரம், அவன் தெரிந்துகொண்டதை எப்படியாவது பொய்யாக்கிவிட வேண்டும், இந்த நிமிஷமே, என்ன ஆனாலும். “வரட்டும்” என்றாள். “என்ன டீச்சர்?” “வரட்டும்னு சொன்னேன். எல்லாப் பிள்ளையும் வரட்டும். ரோட்டுல நான் நிக்கேன். நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாரேன். நாளைக்கு அதிகாரிகிட்டயும் இதத்தான் சொல்லுவேன், எழுதி வச்சுக்கிடு.” குத்தாலத்தை அவள் ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. குரல் எங்கேயோ உயர்ந்துவிட்டது, வாளியோடு வந்த பையன் நின்றுவிட்டான், பின்னால் இடம் பிடிக்க நின்றவர்கள் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார்கள். சொன்னது அவன் கன்னத்தில் அறைந்ததுபோலத்தான் இருந்தது, ஆனால் எமிலியும் சேர்ந்து அதிர்ந்தாள், தோள் ஒருதரம் துள்ளி அடங்கியது இவள் தோளில் தெரிந்தது.

குத்தாலத்தின் முகத்தில் சிரிப்பு போன இடம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு பாதிச் சாப்பாடு இருக்கும்போதே இலையைப் பாதியாக மடித்தான், உள்பக்கமாக இல்லை, வெளிப்பக்கமாக, சாவு வீட்டில் மடிப்பதுபோல. “அப்பம் நீங்களும் அவுகளும் பிள்ளைகளும் நடத்துங்க. எம் பயலுக ரெண்டு பேரும் இனிமே டவுன் வேன்லதான் போவானுவ” என்று எழுந்தான். அவனுக்கு இடப்பக்கம் இருந்தவனும் எழுந்தான், அவன் மகள் நாலாம் வகுப்பு, கணக்கில் சூரப்புலி. வலப்பக்கம் இருவர் எழுந்தார்கள். கடைசியில் இருந்தவன் மட்டும் வருகிற பாயசத்தையும் போகிற குத்தாலத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாயசத்தை வாங்கி அவசர அவசரமாகக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினான். எதிர்வரிசை முழுக்க மடித்த இலைகள். பந்தியில் பாதியில் எழுவது யாருக்கு அவமானம், பகவதிக்கா, இவளுக்கா, பகவதி வாசலில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருக்கிறாள், இன்னும் தெரியாது, தெரிந்தால் இந்த நாளில் என்ன நினைப்பாள். நான் என்ன செய்துவிட்டேன். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை, அதில் என் பள்ளிக்கூடம் எழுந்து கைகழுவப் போய்விட்டது. இனிமேல் பாயில் யார் உட்கார்வார்கள், இவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் உள்ளேன் என்பார்கள், எல்லாம் எமிலியின் பிள்ளைகள், ஒன்றின் பெயர்கூடத் தெரியாது. சொன்னதை மாற்றிச் சொல்லலாம். இன்றைக்குச் சாயங்காலமே குத்தாலம் கடைக்குப் போய், தம்பி, ஏதோ கோபத்தில். போகலாம். போனால் காப்பி கொடுப்பான். அந்தக் காப்பியை நினைத்ததும் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள். போகமாட்டேன் என்று தெரிந்தது. நல்ல மனசினால் இல்லை. போக முடியாது, அவ்வளவுதான்.

பாயசம் வந்தது. இரண்டு இலைக்கும் ஒரே கரண்டியிலிருந்து ஊற்றினான் பையன், வரிசையில் அவர்கள் இரண்டு பேர் பக்கம் மட்டும் கூட்டமில்லாமல் கிடந்தது. எமிலி நன்றி என்று ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று சண்முகவடிவுக்குப் பயமாக இருந்தது, சொன்னால் இலையைத் தூக்கி மூஞ்சியில் வீசிவிடுவேன் என்று நினைத்தாள், உண்மையிலேயே விரல்கள் இலையின் ஓரத்தைப் பிடித்தன. எமிலி சொல்லவில்லை. “நீங்க எம்பிள்ளைகளுக்காகச் சொல்லல” என்றாள். “இல்ல.” “அவன் மேல உள்ள கோவத்துல சொன்னீங்க.” “ஆமா. அதுக்கென்ன இப்பம்?” “கோவம் ரெண்டு நாள்ல போயிரும் டீச்சர். பிள்ளைக தினமும் வரும்.” எமிலி பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்தாள், மெதுவாக, அவசரமே இல்லாமல், பக்கத்தில் இருக்கிறவள் காத்திருக்கட்டும் என்பதுபோல. “ஒண்ணாப்புல டார்வின்னு ஒரு பய இருக்கான். விரலைப் புடிச்சா உருவிக்கிட்டு ஓடிருவான். மணிக்கட்டப் புடிக்கணும். அனுசுயான்னு ஒருத்தி, ஆரன் சத்தம் கேட்டா நடு ரோட்டுல உக்காந்துருவா, அவளை முன்னால விடாதீங்க.” சண்முகவடிவு எதிரே மடித்துக் கிடந்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்காததுபோல. மணிக்கட்டு. டார்வின் மணிக்கட்டு. அனுசுயா முன்னால் இல்லை. மனசு தன்னால் சொல்லிப் பார்த்தது, சொல்லாதே என்றாலும் சொன்னது, புறங்கை இன்னும் கூசிக்கொண்டுதான் இருந்தது. “காலைல எத்தன மணிக்கு நிக்கணும்?” என்று கேட்டாள், சண்டைக்குக் கூப்பிடுகிற குரலில். எமிலி கடைசிச் சொட்டு வரைக்கும் பாயசத்தை வழித்துக் குடித்தாள், இலையைத் தன் பக்கமாக மடித்தாள், மேஜையை ஊன்றி, முட்டி வலியில் முகம் சுளித்து எழுந்து நின்றாள்.

“எட்டரைக்கு” என்றாள். “பிந்திராதீங்க. ஆளு இல்லன்னா அதுகளே தாண்டிரும்.”